பாடம் கேட்க ஒரு சின்ன பிளேயர், ஒயர் வைத்த இயர்போன்: எதைப் பார்த்து வாங்குவது?

கும்பகோணத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் யாராவது ஒரு அம்மா கேட்டுவிடுவார்: “டீச்சர், பாடம் கேட்கப் போனைக் கொடுத்தால் பாடம் பத்து நிமிஷம், வீடியோ ஒரு மணி நேரம் என்று போகிறது. பாட்டுக்கென்று தனியாக ஒரு பிளேயர் வாங்கிக் கொடுக்கலாமா? எதை வாங்குவது?”

தாராளமாக வாங்கலாம். பிளேயர், இயர்போன், மெமரி கார்டு மூன்றையும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டை நிறுத்திய இடத்திலிருந்தே அது மறுபடி தொடங்குகிறதா, ஒரு சங்கதியை (பாட்டு வரியைச் சற்று மாற்றிப் பாடும் ஒரு வடிவத்தை) மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறதா, பார்க்காமலே விரலால் தடவி பட்டனை அழுத்த முடிகிறதா என்பவைதான் தினமும் கூடவே இருக்கப் போகிற விஷயங்கள். பாட்டு கற்கிறவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். சும்மா பாட்டுக் கேட்க வாங்குகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்

ஓரமாகக் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் 3.5 மி.மீ. இயர்போன் துளை இருந்தால் அதுவே நல்ல பிளேயர். சிம்மைக் கழற்றிவிடுங்கள். போனை ஒருமுறை முழுதாக அழித்து ரீசெட் செய்து, விஎல்சி அல்லது மியூசிகோலெட் செயலியை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். மியூசிகோலெட் இணைய அனுமதியே கேட்காத செயலி, விளம்பரமும் வராது. விஎல்சியில் பாட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். தமிழ் எழுத்தும் ஒழுங்காகத் தெரியும்.

ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: பேட்டரி. பின்மூடி லேசாக உப்பியிருந்தாலோ திரை விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தாலோ அந்த போனைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. சார்ஜும் போடாதீர்கள். பழுது பார்க்கும் கடையில் பேட்டரி மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

பழைய போன் இல்லை, அல்லது போன் வடிவத்தில் எதுவுமே வேண்டாம் என்றால் தனி பிளேயருக்கு வருவோம்.

கடையில் கிடைப்பவை

ஐபாட் வரிசையை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. சோனியின் வாக்மேன் இன்னும் வருகிறது, ஆனால் என்டபிள்யூ-ஏ306 மாதிரி ஒன்றின் விலைக்கு ஒரு நல்ல போனே வாங்கிவிடலாம். நமக்கு அது வேண்டாம்.

ஆயிரம் ரூபாய்க்குக் கீழே, சட்டையில் குத்திக்கொள்ளும் திரையில்லாத குட்டி பிளேயர்கள் பஜாரில் குவிந்து கிடக்கின்றன. நடக்கும்போது சினிமாப் பாட்டு கேட்க அவை போதும். பாடம் கேட்க உதவாது. எந்தப் பாட்டு ஓடுகிறது என்று தெரியாது, நாற்பது நிமிஷப் பதிவில் முப்பதாவது நிமிஷத்தைத் தேடிப் போவதற்குள் பிள்ளை சலித்துவிடும்.

இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை ஒரு வகை இருக்கிறது. சின்னக் கலர் திரை, அழுத்தும் பட்டன்கள், கார்டு துளை, எஃப்எம், குரல் பதிவு எல்லாம் இருக்கும். ருய்ஸு, அகப்டெக் போன்ற சீனப் பெயர்கள் இதில் அதிகம். சான்டிஸ்க்கின் கிளிப் வரிசையும் கிடைத்தால் பார்க்கலாம். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

அதற்கு மேலே ஃபியோ, ஹிபி, ஷான்லிங், ஹிடிஸ் என்று ஒலித் தரத்துக்காகவே செய்யப்படும் பிளேயர்கள் உண்டு. ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி கேசட் வடிவத்தில் பார்க்கவே அழகாக இருக்கும். இவற்றின் ஒலி நிச்சயமாக ஒரு படி மேல். ஆனால் எஃப்எம், குரல் பதிவு, ஒரு துண்டை மட்டும் சுற்றவிடும் வசதி ஆகியவை இவற்றில் பலதில் இருக்காது. ரசித்துக் கேட்கிறவருக்கு இதை வாங்குங்கள். சாதகம் (பாடிப் பயிற்சி) செய்கிறவருக்கு விலை குறைந்த அந்த வகையே அதிகம் உழைக்கும்.

ஒலிப்பதிவின் நுணுக்கத்தைக் காட்ட 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். சிடி பதிவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். மனிதக் காதுக்குக் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதிலேயே அடங்கிவிடுகிறது.

சங்கதியைச் சுற்றவிடும் பட்டன்

ஏ-பி ரிபீட் என்பார்கள். வர்ணம் என்ற பாட்டு வகையின் பின்பாதியில் வரும் எத்துக்கடை ஸ்வரத்தில் ஒரு வரி பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி தொடங்கும்போது ஒரு அழுத்து, முடியும்போது ஒரு அழுத்து. அதற்குப் பிறகு அந்த வரி மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடவே பாடிக்கொண்டே இருக்கலாம். முதல் அழுத்தை வரி தொடங்குவதற்கு ஓரிரு அட்சரம் (தாள எண்ணிக்கை) முன்னாலேயே போடச் சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் எடுப்பு, அதாவது வரியைத் தொடங்கும் இடம், சரியாக விழும். சரியாகத் தொடக்கத்திலேயே அழுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் எழுத்து கடிபட்டுப் போகும், பிள்ளையும் அப்படியே கடித்துப் பாடப் பழகிவிடும்.

பிளேயரில் ஏ-பி ரிபீட் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் போதாது. பாட்டு ஓடும்போது எத்தனை அழுத்தில் அந்த இடத்துக்குப் போக முடிகிறது என்று கையில் வாங்கிப் பாருங்கள். மெனு, அதற்குள் ரிபீட், அதற்குள் ஏ-பி என்று மூன்று படி இறங்க வேண்டியிருந்தால் அதற்குள் வரி ஓடிப்போயிருக்கும்.

தொடு பட்டன் வைத்த மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள். விரல் பட்டதும் பாட்டு மாறும், பைக்குள் போட்டால் தானாக ஓடும். அழுத்தினால் ‘டக்’கென்று விரலுக்குத் தெரிய வேண்டும். பட்டன்களைப் பூட்டி வைக்கும் லாக் இருந்தால் இன்னும் நல்லது.

இடைவெளியும் தாளமும்

சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்குத் தெரியாத தொல்லை ஒன்று கச்சேரி கேட்கிறவர்களுக்கு உண்டு. சிடியில் ராகம், தானம், பல்லவி தனித்தனி டிராக்காக இருக்கும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் பிரித்து வைத்திருப்பார்கள். மேடையில் அது ஒரே ஓட்டம். பல பிளேயர்கள் ஒரு டிராக் முடிந்து அடுத்ததைத் தொடங்கும் முன் அரை விநாடி, ஒரு விநாடி மௌனம் விடும். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் கை அந்தரத்தில் நின்றுவிடும். எம்பி3 ஆக்கும்போதே கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

இடைவெளி இல்லாமல் ஓட்டும் வசதிக்கு கேப்லெஸ் என்று பெயர். விலை குறைந்தவற்றில் அநேகமாக இருக்காது. அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சிடியிலிருந்து எடுத்த அந்த டிராக்குகளை ஒட்டி ஒரே கோப்பாகச் சேமித்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் அப்படி ஒட்டினால் ஒரு கோப்பு ஒரு மணி நேரம் ஓடும். அப்போது நிறுத்திய இடத்தை பிளேயர் நினைவு வைத்திருந்தே ஆக வேண்டும். கடையிலேயே சோதித்துவிடுங்கள்: நீளமான பதிவு ஒன்றை நடுவில் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி போடுங்கள். அதே இடத்தில் வந்து நிற்கிறதா, இல்லை முதல் பாட்டுக்கே ஓடிவிடுகிறதா? இரண்டாவது என்றால் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் படும் பாடு

கடைக்குப் போகும்போது உங்கள் கார்டில் ‘கொட்டு’, ‘மேளம்’ என்று தமிழில் பெயரிட்ட இரண்டு கோப்புகள் எடுத்துப் போங்கள். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயரில் சரியாகத் தெரியும். மற்றவற்றில் வெறும் கட்டங்கள் தெரியலாம், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து இடம் மாறி நிற்கலாம். பிளேயர் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தால் இதற்காக ஒதுக்க வேண்டாம். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துவிடுங்கள். ஒன்றிலக்க எண் வைத்தால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். அதனால் பூஜ்யம் முக்கியம்.

எண் கொடுத்தும் வரிசை மாறுகிறது என்றால் அந்த பிளேயர் பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையில் ஓட்டுகிறது என்று அர்த்தம். கார்டைக் காலி செய்து, பாடங்களை ஒவ்வொன்றாக வரிசையாகப் போடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஃபேட்சார்ட் என்ற கருவியால் ஒரே கட்டளையில் அடுக்கிவிடுவார்கள்.

கார்டு

32 ஜிபி போதும். 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி பிடிக்கும். அந்தக் கணக்கில் 32 ஜிபியில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் போகும். இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் எண்பதுக்கு மேல். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கும் முறையில் வரும். விலை குறைந்த பல பிளேயர்களுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே தெரியும் என்பதால் கார்டையே காணவில்லை என்று சொல்லிவிடும்.

பஜாரில் போலிக் கார்டுகள் நிறைய. 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும்; அதற்கு மேல் போட்ட பாட்டெல்லாம் பெயர் தெரியும், ஓடாது. வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் குருவின் குரல் பதிந்த கார்டு நாளைக்குக் காலைவாரக் கூடாது.

பழைய வானொலிப் பதிவுகள், கேசட்டிலிருந்து எடுத்தவை எல்லாம் 128 கேபிபிஎஸ்ஸிலேயே நன்றாக இருக்கும். அவற்றை 320-க்கு மாற்றுவதால் புதிதாக ஒன்றும் சேராது, இடம்தான் போகும். இன்னொன்று: கேசட் வழியாக வந்தவற்றில் டேப் வேகம் மாறி, சுருதி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ இருப்பது சகஜம். கூடவே பாடிப் பழகுவதற்கு முன் தம்பூராவோடு வைத்துச் சரிபாருங்கள்.

இயர்போனில் கஞ்சத்தனம் வேண்டாம்

பிளேயருக்கு இரண்டாயிரம் என்றால் இயர்போனுக்கு ஆயிரத்தைந்நூறாவது ஒதுக்குங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் இயர்போன் ஓடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

பாடிப் பழக ஒன்று, பஸ்ஸில் கேட்க ஒன்று. இரண்டுக்கும் ஒரே வகை பொருந்தாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காதுக்குள் ரப்பர் மொட்டோடு அடைத்துக்கொள்ளும் இன்-இயரைப் போட்டுக்கொண்டு ‘ஸா’ பிடித்துப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். எலும்பு வழியாக வரும் அதிர்வு காது அடைபட்டதால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. அந்த முழக்கத்தில் சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. நன்றாகச் சேரும் குரலுள்ள பிள்ளைகள்கூட அடைத்த இயர்போனோடு பாடும்போது ஒரு நூல் இறங்கி நிற்பதை நான் வகுப்பில் பார்க்கிறேன். இயர்போனைக் கழற்றச் சொன்னால் அடுத்த நொடி சேர்ந்துவிடும்.

அதனால் சாதகத்துக்குக் காதை அடைக்காத வகை வேண்டும். காதின் வெளிக்குழியில் சும்மா உட்காரும் பழைய பாணி இயர்பட்ஸ் போதும். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் காஸ் நிறுவனத்தின் கேஎஸ்சி75. காதின் மேல் கொக்கியாக மாட்டிக்கொள்வது, ஒலி திறந்து வரும். அதே நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984-இலிருந்து அதே வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் 60 ஓம் (மின்தடையின் அளவு, இது கூடினால் ஓட்டுவது கடினம்). சின்ன பிளேயர் இவற்றை ஓட்டிவிடும், சத்தத்தை இரண்டு படி கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எதுவும் கிடைக்கவில்லையென்றால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பாடச் சொல்லுங்கள்.

பஸ்ஸில், ரயிலில் கேட்க இன்-இயர்தான் சரி. வெளிச் சத்தத்தை அது தடுப்பதால் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம். மூன்டிராப் சூ, கேஇசட் போன்றவை இரண்டாயிரம் ரூபாய் அளவில் அருமையாகக் கேட்கின்றன. ரப்பர் மொட்டு மூன்று அளவில் தருவார்கள், மூன்றையும் போட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) கேட்கவில்லை, வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் ‘நங் நங்’கென்று வருகிறது என்றால் இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். மொட்டு சின்னது, காதில் இடைவெளி இருக்கிறது. ஒரு அளவு பெரியதைப் போட்டதும் கும்கி என்ற தொப்பியின் கனத்த நாதம் தெளிவாக வந்து நிற்கும். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

ஓம் கணக்கில் 16 முதல் 60 வரை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் 300 ஓம் ஹெட்போனைச் சின்ன பிளேயரில் சொருகினால் குரல் மெலிந்து வரும்.

ஒயர் விஷயத்தில் பார்க்க வேண்டியது பிளக் முனை. ஒயர் பிளக்கில் நுழையும் இடத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்க வேண்டும். பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். எல் வடிவ பிளக் பைக்குள் போட வசதி. கழற்றி மாட்டும் ஒயர் என்றால் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். கழற்ற முடியாததாக இருந்தாலும் பிளக் போனதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் புது பிளக் வாங்கி சால்டர் வைத்துத் தருவார்கள்.

மைக் வைத்த இயர்போன் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், மைக் இல்லாததில் இரண்டு. சில பிளேயர்களில் மூன்று வளைய பிளக் சரியாகப் பொருந்தாது. அப்போது நடப்பது விசித்திரமாக இருக்கும்: பாடகரின் குரல் காணாமல் போய், வயலினும் கைதட்டலும் தூரத்தில் கேட்கும். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துவிட்டு, வித்தியாசம் மட்டும் மிஞ்சுவதால் வருவது அது. பிளக்கை இன்னும் அழுத்திச் சொருகுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் மைக் இல்லாத இயர்போன் வாங்குங்கள்.

ஒயர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் எஃப்எம். அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயரை நீட்டிப் பிடித்தால் எங்கள் ஊர்ப் பக்கம் காரைக்கால் பண்பலை 100.3 எடுக்கும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கேட்க ஒய் வடிவ ஸ்பிளிட்டர் ஒன்று நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

கடையில் காதால் சோதிப்பது

உங்கள் கார்டில் தம்பூரா மட்டும் ஓடும் பதிவு ஒன்று இருக்கட்டும். வாங்கப் போகும் இயர்போனையே மாட்டி, மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். தம்பூரா நடுவில் கேட்க வேண்டும். ஒரு காதுப் பக்கம் சாய்ந்தால் அந்த பிளேயரில் குறைந்த சத்தம் சரியில்லை. பிறகு ஒரு பாட்டின் மௌனமான இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். நுணுக்கமான இன்-இயரில் இது தெரியும், இயர்பட்ஸில் தெரியாமல் போகலாம். முதல் படியிலேயே சத்தம் காதை அறைகிறது என்றால் ராத்திரி சாதகத்துக்கு அது ஆகாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர் மொபைல் கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிஷம் தராத கடையில் வாங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் சத்தத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதியைத் தேடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம் வரை, குழந்தைகளுக்கு 75. 90 டெசிபலுக்குப் போனால் பெரியவர்களுக்கே வாரம் நாலு மணி நேரம்தான். வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திறந்த இயர்போனோடு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையென்றால் சத்தம் அதிகம்.

வாங்கிய முதல் வாரம்

சார்ஜ் துளை சி-டைப்பாக இருப்பது நல்லது. இரண்டு முனையும் சி-டைப்பாக உள்ள புது கேபிளில் சில மலிவு பிளேயர்கள் சார்ஜ் ஏறாது. பயந்துவிடாமல், ஒரு முனை பழைய யுஎஸ்பி உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள். முழு சார்ஜில் ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டு எத்தனை மணி நேரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குரல் பதிவை வகுப்பில் ஒருமுறை முயலுங்கள், குருவிடம் கேட்டுவிட்டுத்தான். பிளேயரை சுருதிப் பெட்டி இருக்கும் மேஜையிலேயே வைக்காமல் மடித்த துண்டின் மேல் தள்ளி வையுங்கள், அதிர்வு ஏறாது.

பிளக்கைச் சொருகி மெதுவாகச் சுழற்றுங்கள். கரகரப்போ ஒரு காது அறுந்து அறுந்து வருவதோ இருந்தால் துளை தளர்ந்த பீஸ். நாள் கடத்தாமல் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.